வளவுக்குள் சுற்றும் விமானம்

குடும்ப விபரம் திரட்டும் படிவங்களின் கடைசிப் பக்கத்தில் சிறியதொரு கட்டம் இருக்கும். 'பொழுதுபோக்கு' என்பது அதன் தலைப்பு. வருமானம், கடன், கிணறு, மலசலகூடம் என்று எல்லாவற்றுக்கும் விடை சொல்லி வந்த வீடு, இந்த இடத்துக்கு வந்ததும் சற்றுத் தயங்கும். ஆண் பிள்ளைகளுக்கென்றால் விடை உடனே வரும்: கிரிக்கட், பட்டம், தூண்டில். சின்னப் பெண் பிள்ளைகளுக்கும் ஏதாவது வரும். பெரிய பிள்ளையான பிறகு "டீவி பார்க்கிறது" என்றோ "பூக்கண்டு நடுகிறது" என்றோ தாய்மார் சொல்லுவார்கள். தாயிடமே கேட்டால் சிரிப்புத்தான் விடை. "எனக்கென்னகா பொழுதுபோக்கு, வேல முடிஞ்சா படுக்கிறதுதான்" என்று படுவான்கரையில் ஒரு தாய் சொன்னதை நான் அப்படியே அந்தக் கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, இந்த மாதம் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதுவும் நீங்கள் எதிர்பாராத ஒரு பொழுதுபோக்கை வைத்து எழுதப்போகிறேன். கையால் சிறு விமானம் கட்டிப் பறக்கவிடும் பழைய கலை அது. கமெரா பூட்டிய ட்ரோனைச் சொல்லவில்லை. அவற்றுக்கு 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு எவ்வளவு கட்டுப்பாடு வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது குச்சியும் தாளும் இறப்பர் நாடாவும் மட்டும் கொண்ட விமானம். பற்றரி இல்லை, எண்ணெய் இல்லை, சத்தமும் இல்லை.

1871 ஓகஸ்டில் பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் அல்போன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் இப்படி ஒன்றைப் பறக்கவிட்டார். இடுப்பு நோயினால் கடற்படையில் சேர முடியாமற் போனவர் அவர். அந்த விமானத்தின் இறக்கை சுமார் 45 சென்ரிமீற்றர், நிறை 16 கிராம். முறுக்கிய இறப்பர் விடுபட விடுபடக் காற்றாடி சுழன்றது. 11 விநாடி அது ஆடாமல் அசையாமல் பறந்தது. தானாகவே சமநிலை பேணிப் பறந்த முதல் விமானம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பெனோ அதற்கு முன்னரே செய்த மற்றொரு இறப்பர் விளையாட்டுப் பொருளின் சாயலில் வந்த ஒன்றைத்தான் 1878இல் அமெரிக்காவில் ஒரு தகப்பன் தன் இரண்டு பையன்களுக்கு வாங்கி வந்தார். அந்தப் பையன்கள் ரைட் சகோதரர்கள். இந்தக் கதையைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர்களுடைய தாய் சூசன் ரைட்டைப் பற்றிப் படித்திருக்க மாட்டீர்கள். வண்டில் செய்யும் பட்டறைக்காரரின் மகள் அவர். ஆயுதம் பிடிக்கத் தெரிந்த கை. வீட்டுக்கு வேண்டிய சிறு சாதனங்களையும் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களையும் தானே செய்து கொடுத்தார். தகப்பனுக்கு ஆணி அடிக்கவே சரியாக வராது என்று சொல்வார்கள். ஆனால் பாடப் புத்தகத்தில் தகப்பன் வாங்கிக் கொடுத்த பொம்மை இருக்கிறது, தாய் கற்றுக் கொடுத்த கைவேலை இல்லை.

இன்றைக்கும் பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில், பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து அதே அளவில், அதே முறையில் மாதிரி விமானம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பல்சா என்ற மரத்தின் மெல்லிய குச்சிகளை ஒட்டி எலும்புக்கூடு போல் ஆக்கி, மேலே மெல்லிய தாள் போர்த்துவார்கள். எக்குவடோரில் இருந்து வரும் அந்தப் பல்சா எங்கள் இலவ மரத்தின் குடும்பம்தான். அமெரிக்காவில் இதற்கென்றே இருக்கும் சங்கம், 1942 முடிவதற்குள் வரையப்பட்ட வடிவங்களைத்தான் பழையவை என்று கணக்கெடுக்கிறது. படங்களில் பார்த்தால் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். ஓய்வூதியமும் விரிந்த புல்வெளியும் இருப்பவர்களுக்கு உகந்த பொழுதுபோக்குத்தான், குறை சொல்லவில்லை.

1942 என்றதும் எனக்கு எங்கள் கடல் நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பல் இன்னும் கடலடியில் கிடக்கிறது. அதற்குப் பல ஆண்டுகளின் பிறகு, நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில், விமானம் என்றால் பொம்பர், கிபிர், ஹெலி. இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும், காதைப் பொத்த வேண்டும், வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். எங்களுடைய பிள்ளை விளையாட்டிலே விமானம் இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1996இல் மட்டக்களப்பு நகரில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக அழைத்துக் களிமண்ணும் வர்ணமும் கதையும் கொடுத்தது. பயந்த பிள்ளையின் கைக்கு வேலை கொடுத்தால் மனம் மெதுவாகத் தானே பின்னால் வரும் என்பதை எங்களைப் போன்றவர்கள் இப்படியான இடங்களில் இருந்துதான் படித்தோம்.

பறக்கவிடுவது எங்களுக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலோடு நடக்கும் பட்டத் திருவிழாவைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பாய்மரக் கப்பல் கட்டிய ஊர் அது. 1930இல் அங்கே கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கைத்திறன்தான் இன்று விமானமாகவும் பறவையாகவும் அசையும் உருவமாகவும் வானத்தில் ஏறுகிறது. பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். நூலைப் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

நான் போய்வரும் படுவான்கரைக் கிராமம் ஒன்றின் சனிக்கிழமைச் சிறுவர் கழகத்தில், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்கு இந்த இறப்பர் விமானத்தைக் கற்றுக் கொடுத்தார். பல்சாவுக்கு எங்கே போவது? உடம்புக்கு மூங்கில் சீவல், இறக்கைக்கு ஈர்க்கு, போர்த்துவதற்குப் பட்டத் தாள், ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை. தாளை ஒட்டிய பிறகு தண்ணீரை மெல்லத் தெளித்து நிழலில் காயவிட்டால் அது பறைத்தோல் மாதிரி இறுகிவிடும். காற்றாடிக்கு யோகட் கோப்பை. கோப்பையின் பக்கத்தில் சாய்வாக வெட்டி எடுக்கும் துண்டில் வேண்டிய முறுக்குத் தானாகவே இருக்கிறது. அச்சு பேப்பர் கிளிப். அது தேயாமல் சுழல்வதற்கு உடைந்த மாலையில் இருந்து ஒரு கண்ணாடி மணி. கடையில் பொதி கட்டும் இறப்பர் பட்டிகளைத் தொடுத்து, ஒன்றோடொன்று உரசி அறாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் பூசிவிட்டால் மோட்டார் தயார்! (இந்த இறப்பருக்கும் ஒரு கதை உண்டு. பெனோ விமானம் விட்டு 5 ஆண்டுகளின் பின், 1876இல்தான், கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் இலங்கையின் முதல் இறப்பர்க் கன்றுகளை நட்டார்கள்.)

கட்டுவது பாதி வேலைதான். மிச்சம் பொறுமை. முதலில் காற்றாடியைச் சுற்றாமல் தோள் உயரத்தில் இருந்து மெதுவாகத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். மூக்குக் குத்தினால் இறக்கையைக் கொஞ்சம் முன்னே நகர்த்த வேண்டும். தலையைத் தூக்கித் தூக்கி விழுந்தால் மூக்கில் கடலையளவு களிமண் ஒட்ட வேண்டும். இறக்கை நுனிகள் இரண்டும் சற்று மேல்நோக்கி இருந்தால்தான் ஒருபக்கம் சாய்ந்தாலும் தானாக நிமிரும். பிறகு 50 சுற்று, 80 சுற்று, 120 சுற்று. காற்றும் சரியாக இருக்க வேண்டும். கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் விட்டால் விமானத்தை அடுத்த ஊரில்தான் தேடவேண்டும். விடியற்காலை, வாவி கண்ணாடி போல் கிடக்கும் நேரம்தான் உகந்தது. அறுவடை முடிந்த வயல்வெட்டை போல இறங்குவதற்கு மெத்தையான இடம் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது.

கழகத்தில் இந்த வேலையை ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். அதில் அதிசயம் இல்லை. பன்பாய் இழைக்கும் வீட்டில் வளர்ந்த விரல்களுக்கு ஈர்க்கை முறியாமல் வளைப்பதும் தாளைச் சுருங்காமல் ஒட்டுவதும் பெரிய காரியமா? அவர்களுள் தரம் 8இல் படிக்கும் பிள்ளை ஒன்று. தாய் குவைத்தில் வீட்டு வேலை. அம்மம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறாள். அவளுடைய விமானம் ஒரு சனிக்கிழமை காலை வயலுக்கு மேலே 19 விநாடி நின்றது. ஆசிரியர் கைக்கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். பெனோவை வென்றுவிட்டாய் என்று சொன்னார்.

அடுத்த மாதம் அவள் பெரிய பிள்ளையானாள். சடங்கு முடிந்தது. பள்ளிக்கூடம் போகலாம், ரியூசன் போகலாம். சனிக்கிழமை வயலுக்கு மட்டும் போக முடியாது.

அம்மம்மாவோடு கதைக்கப் போனேன். கோபக்காரி அல்ல, நல்ல மனுசி. 1990இலும் 2007இலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாவி கடந்து ஓடியவர். "என்ட மகள் பிளேனில ஏறிப் போய் அஞ்சு வருசம். இவள நான் பத்திரமா வச்சுக் குடுக்கணும் புள்ள. வெட்டைக்குள்ள பொடியனுகளோட ஓடித் திரிஞ்சு ஒரு கதை வந்தா, அங்க இருக்கிறவளுக்கு நான் என்ன சொல்லுற?" என்று கேட்டார். 'பால்நிலைச் சமத்துவம்' என்று பயிற்சிப் பட்டறையில் சொல்லும் எதுவும் இந்தக் கேள்விக்கு முன்னால் நேரே விடையாகாது. கிழவியின் பயம் கற்பனையும் அல்ல. ஒரு கதை கிளம்பினால் அதன் விலையைக் கொடுக்கப் போவது அந்தப் பிள்ளையும் கிழவியும்தான்.

இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருபவர் லிலியன் பிளாண்ட் என்ற அயர்லாந்துப் பெண். பத்திரிகையாளர், படப்பிடிப்பாளர், ஆண்களைப் போலக் கால்சட்டை போட்டுக் குதிரை ஓட்டியவர். 1909இல் அவருடைய மாமா பாரிசில் இருந்து விமானப் படம் போட்ட தபாலட்டை ஒன்றை அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு முதலில் ஒரு மாதிரி விமானம் கட்டிப் பட்டம் போல் பறக்கவிட்டார். அது பறந்தது. உடனே மூங்கிலும் மரமும் துணியும் கொண்டு ஆள் ஏறக்கூடியதைக் கட்டத் தொடங்கினார். 'மேஃபிளை' என்று பெயர் வைத்தார். அது ஒரு பூச்சியின் பெயர், 'பறந்தாலும் பறக்கும்' என்றும் பொருள் தரும். பாரம் தூக்குமா என்று பார்க்க நான்கு பொலிஸ்காரரைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். அவர்களையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. இங்கிலாந்துக்குப் போய் இயந்திரம் ஒன்றைத் தானே கொண்டுவந்தார். எண்ணெய்த் தாங்கி வந்துசேரப் பிந்தியது. அவருக்கா பொறுமை? விஸ்கிப் போத்தல் ஒன்றையும், காது கேளாத மாமியின் காதுக் குழலையும் பூட்டி இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். 1910 ஓகஸ்டில் அந்த விமானம் அவரை ஏற்றிக்கொண்டு நிலத்தை விட்டு எழுந்தது. வயது 31. தானே வரைந்து, தானே கட்டி, தானே பறந்த பெண்கள் உலகத்தில் அதற்கு முன் இருந்தார்களோ என்பதே ஐயம்.

அதே காலத்தில் நியூயோர்க்கில் லிலியன் ரொட் என்பவர் தட்டெழுத்தாளராக வேலை செய்துகொண்டே மாதிரி விமானங்கள் கட்டினார். 1908இல் பிள்ளைகளுக்கென்று முதலாவது விமானக் கழகத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். அவர் வடிவமைத்த பெரிய விமானம் 1910இல் பறந்தது. ஓட்டியது ஓர் ஆண்.

பிளாண்டுக்கு என்ன நடந்தது தெரியுமா? தகப்பன் பயந்துவிட்டார். பறப்பதை விட்டுவிட்டால் மோட்டார் கார் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். பிளாண்ட் காரை வாங்கிக்கொண்டு விமானத்தை விட்டார். பிறகு கார் விற்கும் தொழிலும் செய்தார், கனடாவுக்குப் போய்க் கமமும் செய்தார். 92 வயதுவரை வாழ்ந்து 1971இல் காலமானார். அன்பான தகப்பன், பெரிய பரிசு, சத்தமில்லாத முடிவு. எங்கள் வீடுகளில் கார் இல்லை. "தோடு வாங்கித் தாறன்" என்று சொல்லுவோம்.

இந்த அம்மம்மாவும் ஒரு பரிசு கொடுத்தார். "வளவுக்குள்ள விடட்டும். ஆர் வேணாம் எண்ட?" என்றார். வளவிலே இரண்டு மா, ஐந்து தென்னை, ஒரு முருங்கை, நாலு பக்கமும் கிடுகு வேலி. நேராகப் போகும் விமானம் மூன்றாவது விநாடியில் மரத்தில் இருக்கும். இரண்டு விமானம் அப்படிப் போனது. மூன்றாவதைக் கட்டும்போது பிள்ளை வாற்சுக்கானை நன்றாக மடித்தாள், ஒருபக்க இறக்கை நுனியில் சிறு துண்டுக் களிமண் வைத்தாள். அது கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையே, ஒரு மாட்டுக் கொட்டில் அளவு இடத்தில், வட்டம் வட்டமாகச் சுற்றி இறங்கியது. வேலியைத் தொடவில்லை, மரத்தைத் தொடவில்லை. கெட்டித்தனம் என்றால் அதுதான் கெட்டித்தனம். ஆசிரியர் பார்த்துவிட்டு, இவ்வளவு சிறிய வட்டத்தில் இறப்பர் விமானம் சுற்றி நான் கண்டதில்லை என்றார். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. விமானத்துக்கு வேலி எங்கே இருக்கிறது என்று 13 வயதிலேயே கற்றுக் கொடுத்துவிட்டாளே.

சமூகவியல் படித்தவர்கள் மட்டக்களப்பைத் தாய்வழிச் சமூகம் என்று எழுதுவார்கள். உண்மைதான். எங்களூரில் வீடும் வளவும் பெண்ணின் பெயருக்குத்தான் வருகிறது, குடி தாயின் வழியில் வருகிறது, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்கிறார். பிற மாவட்டத்துப் பெண்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். ஆனால் உறுதியில் எழுதுவது நாலு எல்லைக்குள் இருக்கும் நிலம். வேலிக்கு வெளியே இருக்கும் வெட்டை எந்த உறுதியிலும் இல்லை. அதை யார் பாவிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது சொந்தம். பின்னேரம் நாலு மணிக்கு எந்தக் கிராமத்து வெட்டையையும் போய்ப் பாருங்கள், யார் பாவிக்கிறார்கள் என்று தெரியும். சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை ஓய்வும் விளையாட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை என்கிறது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தியது 1991இல். எந்த இடத்தில் விளையாடுவது என்று அதில் எழுதவில்லை.

தாய் குவைத்தில் இருந்து தொலைபேசியில் பேசும் வெள்ளிக்கிழமை ஒன்றில் நானும் அந்த வீட்டில் இருந்தேன். பிள்ளை விமானத்தைக் கமெராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். தாய் இறப்பரைப் பற்றியும் ஆமணக்கெண்ணெயைப் பற்றியும் கேட்கவில்லை. "எவ்வளவு தூரம் போகும் மகள்?" என்றுதான் கேட்டார். பிள்ளை அம்மம்மாவைப் பார்த்தாள். அம்மம்மா முற்றத்தைப் பார்த்தார்.

யோசனை சொன்னது அம்மம்மாவேதான். கண்ணகி அம்மன் கோயில் வெட்டையில் விடலாம், தானும் வருவதாகச் சொன்னார். கோயில் வெட்டை பெரியது, மண் தரை. விடிய ஆறு மணிக்குப் பூ எடுக்கவும் வாசல் கூட்டவும் பெண்கள்தான் அங்கே வருகிறார்கள். அந்த நேரத்தில் யாரும் கதை கட்ட முடியாது. கழகத்தில் இருந்து நின்றுபோன இன்னும் நான்கு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். மாதத்தில் சில நாள் ஒருத்தி ஒருத்தியாகக் குறைவார்கள். கோயில் வெட்டைக்கும் ஒரு வேலி இருக்கத்தான் செய்கிறது. வராதவளின் விமானத்தை வந்தவள் விடுகிறாள். அம்மம்மா படியில் இருந்து சுற்று எண்ணுகிறார். 120 தாண்டினால் "அறும்கா, அறும்" என்று சத்தம் போடுகிறார்.

போன மாதம் ஒரு விமானம் கோயில் கூரையில் தங்கிவிட்டது. கப்புகனார் ஏசப்போகிறார் என்று பிள்ளைகள் பயந்துபோய் நின்றார்களாம். அவர் தடியால் தட்டி எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோகட் கோப்பையை விரலால் ஒருதரம் சுழற்றினார். பிறகு, இது அம்மனை இடப்பக்கமாகச் சுற்றுகிறது, வலம் வரும்படி செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அது இலேசான வேலை அல்ல. காற்றாடி ஒரு பக்கம் சுழலும்போது விமானத்தின் உடம்பை மற்றப் பக்கம் சாய்க்கும். அதனால் இறப்பர் வேகமாக விடுபடும் முதல் சில விநாடிகளில் விமானம் இடப்பக்கம் இழுக்கத்தான் செய்யும். ஐந்து பேரும் இப்போது சுக்கானை வலப்பக்கம் மடித்தும், காற்றாடியின் அச்சை ஒரு மயிரிழை வலப்பக்கம் திருப்பியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சென்ற சனிக்கிழமை ஒன்று முதலில் இடப்பக்கம் ஓடி, இறப்பர் தளர்ந்ததும் வலப்பக்கம் திரும்பி, கோயில் மதிலுக்கு மேலால் வயலுக்குள் போய் இறங்கியது. எடுக்க ஐந்து பேரும் ஓடினார்கள்.